மாமாவுக்கு மட்டும் பாதி விலை

வெளிநாட்டிலிருந்து வந்தவரைக் கண்டால் கடைக்காரர் வாயில் விலை இரட்டிப்பாகத்தான் வரும். எங்கள் ஊர் புதுக்குடியிருப்பில் பாதி விலைக்குச் சாமான் வாங்கிய ஒரே வெளிநாட்டுக்காரர் என் பெரிய மாமாவாகத்தான் இருப்பார். அந்தப் பெருமை அவருக்கு இன்றுவரை தெரியாது.

மாமா அம்மாவின் மூத்த அண்ணன். சுவிஸில் ஓர் உணவகத்துச் சமையலறையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை. கல்யாணம் கட்டவில்லை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு மாத லீவில் வந்தார். அம்மாவின் உடன்பிறப்புகளில் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். அவர் வேலையை விட்டுவிட்டு எங்களோடேயே வந்து இருந்துவிட வேண்டும் என்று அம்மா நேர்த்தி வைக்காத கோயில் இல்லை. மாமாவுக்கும் ஆசைதான். சேர்த்து வைத்த காசு இங்கே கடைசிவரை சீவிக்கக் காணுமா என்பதுதான் அவருடைய பயம்.

சுவிஸ் பிராங்கில் மாற்றிப் பார்த்திருந்தால் எல்லாமே அவருக்குச் சில்லறையாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் மாமா ஊரைவிட்டுப் போன நாளின் விலைகளைப் பத்திரமாக மனதில் வைத்திருந்தார். முதல்நாள் சந்தையில் நடுவழியில் நின்றுவிட்டார்.

“நான் போகேக்கை தேங்காய் மூண்டு ரூபா. இப்ப நாப்பதோ? உந்த விலைக்கு மனுசர் இஞ்சை சீவிக்கிறதோ?”

பேக்கரியில் பாணுக்கும் அப்படியே புலம்பினார். தலைமயிர் வெட்டுக்கு என்ன விலை என்று கேட்டுவிட்டு வெட்டாமலே திரும்பினார். நாங்கள் அத்தனை பேரும் எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்பதுபோல எங்களைப் பார்த்தார். இந்தக் கணக்கில் அண்ணன் வந்து இருக்கவே மாட்டார் என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

அன்று பின்னேரமே அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மூலைக்கடைக்குப் போனார்.

“தம்பி, அண்ணை வந்து கேட்டா எல்லாத்துக்கும் பாதி விலை சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பிள்ளையிட்டைக் குடுத்துவிடுறன்.”

கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “ஏனக்கா, அண்ணைக்கு ஏதும் சுகமில்லையோ?” என்றார்.

சலூன்காரரோடும், நாயாற்றிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவரோடும் இதே ஏற்பாடு. மாமா போகும் இடமெல்லாம் பின்னால் போய் மிச்சப் பாதியைக் கொடுப்பது என் உத்தியோகம். அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். மாமா மாதாமாதம் அனுப்பியதில் அம்மா அலுமாரிக்குள் மிச்சம்பிடித்து வைத்தது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு அடிப்பது என்பார்கள். அம்மா பிள்ளையாரின் தேங்காயையே எடுத்துப் பிள்ளையாருக்கு அடித்தார்.

மாமாவின் முகம் நாளுக்கு நாள் தெளிந்தது. சலூனுக்குத் தேவையில்லாமலே இரண்டு தரம் போனார். “சனம் சும்மா கத்துது, விலையெல்லாம் இறங்கிப்போச்சு” என்று அப்பாவுக்கே சொன்னார். அப்பா இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒருநாள் மீனில்தான் மாட்டுப்பட இருந்தோம். மாமா வாசற்படலையில் நின்று பாரைமீன் வாங்கிய விலை பக்கத்து வீட்டு மாமியின் காதில் விழுந்துவிட்டது. மாமா மீனோடு உள்ளே போனதுதான் தாமதம், மாமி சட்டியோடு ஓடிவந்தார்.

“எனக்கும் அந்த விலைக்கு ரெண்டு கிலோ போடுங்கோ.”

“அது வெளிநாட்டு ஆக்களின்ரை விலை, அக்கா.”

“என்ரை மோன் லண்டனிலைதானே நிக்கிறான்! அப்ப எனக்கும் அதுதான் விலை.”

அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்து மாமியின் வாயைப் பொத்தாத குறை. கடைசியில் மாமியின் இரண்டு கிலோவுக்கும் பாதிக் காசை அம்மாதான் கட்டினார். மறுநாளும் மாமி சட்டியோடு படலையில் நின்றார்.

பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் மாமா முற்றத்தில் கதிரையைப் போட்டு, கைத்தொலைபேசியில் வெகுநேரம் கணக்குப் பார்த்தார். அம்மா தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு அசையாமல் பக்கத்தில் நின்றார். வாய் ஏதோ ஒரு தெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மாமா தலை நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

“தங்கச்சி, இப்பதான் முதன்முதலா எல்லாத்தையும் பிராங்கிலை போட்டுப் பாத்தனான். இஞ்சத்தை விலைக்கு அங்கை ஒரு மாதம் மிச்சம்பிடிச்சா இஞ்சை ஒரு வருசம் ராசா மாதிரி இருக்கலாம். இப்ப ஆராவது வேலையை விட்டிட்டு வருவினமோ? இன்னும் பத்து வருசம் நிண்டு உழைச்சிட்டு வாறன். மாடி வைச்சு வீடு கட்டுவம்.”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தார். உண்மை விலையைச் சொன்னால் மாமா பயந்து வரவே மாட்டார். சொல்லாவிட்டால் பத்து வருடம். “ஓம் அண்ணை, உங்களுக்குச் சரியெண்டால் செய்யுங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு, வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

நான் மாடி என்ற சொல்லைக் கேட்டதுமே துள்ளத் தொடங்கிவிட்டேன். மேலே எனக்குத் தனி அறை என்று மாமாவிடம் அந்த இடத்திலேயே சத்தியம் வாங்கினேன். அதை அம்மாவுக்குச் சொல்லக் குசினிக்குள் ஓடினால், அவர் அடுப்பைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தார். எனக்குத் தெரிந்து அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: அம்மாவுக்கு மாடிப்படி ஏறப் பயம்.

“அழாதேங்கோ அம்மா, கீழையும் ஒரு அறை கட்டச் சொல்லுறன்” என்று அவரைத் தேற்றினேன்.