மூன்று முறை கூப்பிட்டும்

சிவகாசி கோர்ட்டில் நான் பெஞ்ச் கிளார்க்காக இருந்த காலம். செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்தது. கோர்ட்டில் ஆளை அழைக்க மட்டும் டவாலியின் தொண்டைதான். வாசலில் நின்று பேரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுவார். வராவிட்டால் கேஸ் கட்டில் 'எக்ஸ்பார்ட்டி' என்று எழுதுவேன். அதன் பிறகு எதிராளி சொன்னதுதான் எடுபடும். சம்மன் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

தீபாவளி சீசனில் ஒருநாள், மகளைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டு மனுப் போட்டிருந்தவர் வக்கீலோடு வந்து நின்றார். அவர் மனைவியைக் கூப்பிட்டார்கள், வரவில்லை. பிள்ளை வேண்டுமென்றால் வந்திருக்க மாட்டாளா என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன்.

மதியம் டிபன் பாக்ஸைக் கழுவப் போனபோது வேப்பமரத்தடியில் ஒரு பெண் சம்மனோடு உட்கார்ந்திருந்தாள். "யாரும்மா நீ?" என்றேன். திரும்பவே இல்லை. சுர்ரென்று கோபம் வந்தது. முன்னால் போய் நின்றதும் சம்மனை நீட்டினாள்.

"காலையிலேயே வந்துட்டேன்க்கா. இன்னும் கூப்பிடலயா?" தெருவுக்கே கேட்கிற சத்தம். "புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில மருந்து வெடிச்சதுல காது போச்சு. யாரும் கூப்பிட்டா எம்மகதான் கையப் புடிச்சு இழுக்கும். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத தாயின்னு சொல்லிருவாகளோன்னு அதக் கூட்டியாரல."

சம்மனில் இருந்தது காலையில் கூப்பிட்ட அதே பேர். நல்லவேளை, உத்தரவில் ஜட்ஜ் ஐயா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவர் அறைக்கு ஓடினேன்.

"கூப்பிட்டது கேக்கலைன்னு சொல்லாத ஆளு யாரும்மா?" என்றார் ஐயா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, உள்ளே உட்கார வச்சுத் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்க. நானே பாக்குறேன்" என்றார்.

மாலை கோர்ட்டு கூடியது. கடைசி வரிசையில் இருந்த அவளுக்கு நேர் பின்னால் நின்று டவாலி கூப்பிட்டார். மூன்றாவது தடவை ஜன்னல் புறாக்கள் படபடத்துப் பறந்தன. அவள் அசையவில்லை. இப்போது கூப்பிடுவார்கள் என்று ஐயாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உத்தரவுக்காகக் காத்திருந்த புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். கூடக் குடித்தனம் நடத்தியவருக்கு அவள் காது கேட்காதது தெரியாதா? காலையில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே, பாவி மனுஷன்.

ஐயா காலையில் எழுதியதை அடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

கண்கள் சட்டென்று என் இடுப்பு உயரத்தில் யாரையோ தேடின. பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"கூப்பிட்டாகளா?" என்றபடி எழுந்தாள்.