ஆமாங்க

அன்று கோர்ட்டில் இருந்தவர்கள்: மாஜிஸ்ட்ரேட் அம்மா, பெஞ்ச் கிளார்க், டவாலி, அரசு வக்கீல், இலவசமாகக் கிடைத்த எங்கள் வக்கீல், ஏட்டு, படகுக்காரர், கூண்டில் என் தம்பி, கதவோரம் நான். ஒன்பது பேர். இரண்டு தடவை எண்ணினேன். யார் யாரிடம் கண்ஜாடை காட்டுகிறார்கள் என்று தெரிய வேண்டுமே.

சதுரங்கப்பட்டினம் கரையில் படகு இன்ஜினைத் திருடி மணலில் இழுத்து வந்த மூன்று பேர், ஆள் வருவதைப் பார்த்ததும் தம்பியை அதன் பக்கத்தில் நிறுத்தி, ‘இங்கியே நில்லு’ என்று சொல்லிவிட்டு ஓடினார்கள். போலீஸ் வரும்வரை நின்றான். வயது முப்பது; புத்தி ஏழு வயதுப் பிள்ளைக்கு உள்ளது.

குற்றவாளி என்று போன வாய்தாவிலேயே சொல்லிவிட்டார்கள். அன்று தண்டனை மட்டும். காசு வாங்காத வக்கீல் மீது எனக்குச் சந்தேகம். தம்பிக்குப் புத்தி வளர்ச்சி இல்லை என்று டாக்டர் எழுதிய சர்ட்டிபிகேட்டைக் கோர்ட்டில் கொடுத்தாரா, பையிலேயே வைத்திருக்கிறாரா?

அரசு வக்கீல் தம்பியின் கையெழுத்தைக் காட்டி, இவ்வளவு அழகாகப் போடுகிறவனா விவரம் தெரியாதவன் என்றார். ரேஷன் கடையில் கைநாட்டு என்று சிரித்தார்களே என்று நான் ஆறு மாதம் பழக்கியது அது.

“தண்டனை பத்தி ஏதாவது சொல்றியாப்பா?” என்றார் மாஜிஸ்ட்ரேட்.

“ஆமாங்க.”

யார் கேட்டாலும் ஆமாங்கன்னு சொல்லு, அடிக்க மாட்டாங்க என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

“ஜெயிலுக்குப் போறியா?”

“ஆமாங்க.”

அந்தக் கனிவான குரல் கண்ணி என்றே நினைத்தேன்.

“வீட்டுக்குப் போறியா?”

“ஆமாங்க.”

பேனாவைத் தூக்கிக் காட்டினார். “இது உன்னுதா?”

“ஆமாங்க.”

ஏட்டு சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. கேஸ் கட்டிலிருந்து சர்ட்டிபிகேட்டை எடுத்து மறுபடி படித்தார்.

ஜெயில் இல்லை. நான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வருஷம் தம்பி வேறு வம்பில் மாட்டக்கூடாது. இழுத்ததில் உடைந்த இன்ஜினுக்கு எட்டாயிரம், தவணையில். நிஜமாகவே விட்டுவிட்டார்களா என்று வக்கீலை மூன்று தடவை கேட்டேன்.

“இன்னாக்கா, உள்ள போட்டாத்தான் நம்புவியா?” என்றார்.

வெளியே வந்ததும் தம்பி, “யக்கா, கரீட்டா சொன்னனா?” என்றான்.

அந்த மூன்று பேரும் இன்னும் கரையில்தான் திரிகிறார்கள். டீ குடிக்கிறியா என்று அவனைக் கூப்பிடுகிறார்கள். தினமும் ‘வேணாங்க’ சொல்லப் பழக்குகிறேன். அதற்கும் ‘ஆமாங்க’ என்கிறான்.

கட்டிய ரசீதுகளை இரண்டிரண்டு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் மூவாயிரத்து ஐந்நூறு பாக்கி.