மார்க்கெட் முனையில் நின்றுபோன பேருந்து

டிப்போவில் அவருக்கு பிரேக்காரர் என்று பெயர். அவர் பிரேக் பிடித்தால் நின்றுகொண்டு வருகிறவரின் தூக்கம்கூடக் கலையாது என்பார்கள். ஓய்வு பெற்றுப் பல வருடங்களாகியும், பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

"சும்மா இருங்க. வண்டிய ஓட்டுறது அவரு," என்று மனைவி முழங்கையால் இடிப்பார்.

"அவன் எங்க ஓட்டுறான், தூக்கில்ல எறியுறான்."

மார்க்கெட் தடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அவருக்கு நேரம் போவதே தெரியாது. முதல் நடையில் மாவு ஒட்டிய கையோடு ஏறும் ரொட்டிக்கடைக்காரர், ஜன்னலோரத்துக்குச் சண்டை போடும் நர்சிங் மாணவிகள், நிறுத்தம் இல்லாத இடத்தில் நின்று கைகாட்டும் கண் டாக்டர். "கண் டாக்டருக்கே போர்டு தெரியல," என்று கண்டக்டர் தினமும் சொல்வான். தினமும் எல்லோரும் சிரிப்பார்கள். அவனுக்கு விசில் என்று பெயர். கழுத்தில் விசில் தொங்கும், ஊதுவதென்னவோ வாயால்தான்.

செக்கிங் இன்ஸ்பெக்டர் பதவிக்கு இவருடைய பெயர் மேலிடம் வரை போயிருந்த சமயம் அது. வெயிலில் எஞ்சின் சூட்டோடு மல்லுக்கட்டியவருக்கு ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. கனவில்கூட அந்த நாற்காலி வந்தது.

அதே சமயத்தில்தான் கடல் தாண்டிய ஒரு நாட்டில் ஊர் ஊராக மக்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டித்து, மதியம் மார்க்கெட் முனையில் சாலையை மறித்து, பிணங்களைப் போலப் போர்வை மூடிப் படுப்பது என்று ஊரில் சிலர் முடிவெடுத்தார்கள். அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். அங்கே நைந்துபோய்க் கழித்துப்போட்ட போர்வைகளைத் தருவதாகச் சலவைப் பெண்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

"போர்வையக் குடு, வேணாங்கல," என்றார் அவர் அன்று காலை, சட்டைப் பித்தானைப் போட்டபடி. "நீ படுக்கக் கூடாது. என் வண்டி அந்த வழியாத்தான் வரும். டிரைவர் பொண்டாட்டியே ரோட்ட மறிச்சுப் படுத்திருந்தா, எனக்கு நாற்காலியா போடுவாங்க?"

மனைவி அவருடைய சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

"குழந்தைங்க வார்டுக்குன்னு சின்னப் போர்வை தனியா மடிப்போம்," என்றார் பிறகு. "அந்த நாட்டுல பெரியவங்க துணிய ரெண்டா கிழிக்கிறாங்களாம், பிள்ளைங்கள மூட."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ண வேணாம். நான் படுக்கல. குடுத்துட்டு வந்துடறேன்."

மதியம் பேருந்து மார்க்கெட் முனையில் திரும்பியபோது சாலை முழுக்க வெள்ளையாக இருந்தது.

"என்னப்பா, ஏன் நின்னுடுச்சு?" என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

"செத்த மாதிரி படுத்திருக்காங்கம்மா."

"எப்ப எந்திரிப்பாங்களாம்?"

"செத்தவங்ககிட்டப் போய் டைம் கேக்கவா?" என்றான் விசில். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. அவன் முன்னால் வந்து குனிந்தான். "அண்ணே, ரிவர்ஸ் எடுத்து ஸ்கூல் சந்து வழியாப் போயிடலாம். யாருக்கும் தெரியாது."

சரியான யோசனைதான். அவர் கியரில் கை வைத்தார். ஆனால் கண் போர்வைகளை விட்டு நகரவில்லை. காலையில் அவள் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே இப்போது உறுத்தியது. படுத்திருந்தால் எழுப்பி ஓரமாக விட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று எஞ்சினை அணைத்து இறங்கினார்.

முதல் போர்வையைத் தூக்கினார். யாரோ ஒரு பெண், கல்லூரி வயது. மூக்கின் மேல் வியர்வை. கண்ணைத் திறக்கவில்லை. "மன்னிச்சுக்கம்மா," என்று மூடினார். அடுத்தது ரொட்டிக்கடைக்காரர். காலையில்தான் வணக்கம் சொல்லி ஏறிய முகம். அதுவும் அசையவில்லை. அந்த முகத்தையும் மூடினார்.

மூன்றாவது போர்வையின் ஓரத்தைப் பிடித்தார். கை மேலே வரவில்லை. கோபத்தோடு இறங்கியவர்தான். இப்போது உள்ளே வேறொன்று அடித்துக்கொண்டது: இது அவளாக இருக்கக் கூடாது. முந்தின மாலை தொலைக்காட்சியில் அந்த நாட்டுக்காரன் ஒருவன் ஒரு பள்ளி மைதானத்தில் இதே போலக் குனிந்து குனிந்து, துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு போனான். சாப்பிடுகிற நேரத்தில் எதற்கு இது என்று இவர்தான் அணைத்துவிட்டிருந்தார்.

"யாரத் தேடறீங்க?"

மனைவி நடைபாதையில், மிச்சப் போர்வைகளோடு நின்றிருந்தார்.

"நீ படுக்கலயா?"

"படுக்கலன்னு சொன்னேனே."

அவர் கையிலிருந்த போர்வை ஓரத்தை விட்டார். அவர் முகத்தைப் பார்த்த மனைவி தணிந்த குரலில், "வண்டி நிக்குது, போங்க," என்றார்.

"ஒரு போர்வை குடு."

"எதுக்கு?"

"குடேன்."

காக்கிச் சட்டையோடு தாரில் படுத்து முகத்தை மூடிக்கொண்டார். முதுகு சுட்டது. சலவைச் சோடா மணம். பக்கத்தில் துணி சரசரக்க யாரோ படுப்பது கேட்டது. "முதல்ல படுத்தது நீங்க. பேச்ச மீறினது நான் இல்ல, ஞாபகம் வச்சுக்குங்க," என்றது மனைவியின் குரல். தூரத்தில் விசில் பயணிகளிடம், "இறங்கி நடங்க, இல்ல கூடப் படுங்க. வேற வழி இல்ல," என்றான்.

நாற்காலி வேறொருவருக்குப் போனது. இவருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதாசி வந்தது, மீதி வருடங்களும் ஸ்டியரிங்கோடே கழிந்தன. கடலுக்கு அப்பால் கொலைகள் இவர்கள் படுத்ததால் நின்றுவிடவில்லை. வெகுகாலம் நடந்தன. "படுத்து என்னத்தக் கண்டீங்க?" என்று டிப்போவில் கேட்டார்கள். ஆனாலும் வாரம் தவறாமல் இருவரும் அந்த முனைக்குப் போனார்கள். வெயில், கூடப் படுத்தவர்கள், எழுந்த பிறகு ஒருவர் முதுகை ஒருவர் தட்டிவிட்டது: அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் அவருக்குக் குரல் இளகிவிடும்.

"நான் அன்னைக்கு உங்களுக்கு முன்னாடியே படுத்திருந்தா, திட்டிக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க," என்பார் மனைவி, அவர் இடுப்புக்குத் தைலம் தேய்த்தபடி. "நானும் இன்ஸ்பெக்டர் பொண்டாட்டி ஆயிருப்பேன்."

"உன் மொகத்துலேர்ந்து துணிய எடுத்த கையோட போய், அந்த நாற்காலியில உக்காரச் சொல்றியா?"

மனைவி உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் தைலம் ஊற்றிக்கொள்வார்.

"சரி, அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க."