சூடு போயிடும்

என் பெரிய அண்ணிக்குக் கதை கட்டத் தெரியாது. வந்த விருந்தாளியிடம் நேருக்கு நேராக, "எப்ப கிளம்புறீங்க?" என்று கேட்கிற ரகம். அவர் வாயால் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரவேண்டுமா என்ன? இது நடந்தது சாயங்காலம் நாலரை மணிக்கு.

அண்ணனும் அண்ணியும் பனி உறையும் மலையூர் ஒன்றில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்த முதல் வருடம் அது. நீளமான ஒரே அறை. சுவரோரம் பீரோ மாதிரி ஆறு இயந்திரங்கள். உள்ளே தட்டுத் தட்டாக முட்டைகள். முட்டைக்குச் சூடு குறையக்கூடாது. ஒரே பக்கமாகவும் கிடக்கக்கூடாது. மோட்டார் அவ்வப்போது தட்டுகளைச் சாய்த்துவிடும். எல்லாம் கரண்ட் இருக்கிறவரைதான்.

அந்தக் குளிர்காலத்தில் கரண்ட் இருந்தால் அதிசயம். எரிவாயு கையிருப்பு தீர்ந்துவிட்டது, மின் நிலையங்கள் பாதிதான் ஓடுகின்றன என்று தினமும் ரேடியோவில் வாசித்தார்கள். ஊர் ஊராக முறைவைத்து நிறுத்தினார்கள். இரண்டு மணி நேரம் என்பார்கள், பொழுதே போய்விடும். பண்ணையில் ஜெனரேட்டர் இருந்தது. ஊற்ற டீசல் இல்லை. அன்றைக்கும் காலையில் போன கரண்ட் வரவில்லை. அண்ணன் இரண்டு கேன்களைத் தூக்கிக்கொண்டு டீசல் வரிசையில் நிற்கப் போயிருந்தார்.

அண்ணி தனியாக இருந்தார். ஜன்னல் கண்ணாடியெல்லாம் உறைபனி. நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. இயந்திரங்களின் மேல் கம்பளி, கோணி, படுக்கை விரிப்பு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போர்த்தினார். அப்படியும் சூடு காட்டும் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. பத்து நாளாகக் கண்ணும் கருத்துமாகப் பார்த்த முட்டைகள். வேறு வழி தெரியவில்லை. கரி அடுப்பை மூட்டி அறை நடுவில் வைத்தார். கரிப்புகை ஆளை அடித்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்தார்.

பிறகு கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு இயந்திரமாகத் தட்டுகளைச் சாய்த்தார். மூன்று முடித்ததும் தோள் விட்டுப்போனது. பெஞ்சில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் அது கேட்டது.

கடக்...

தட்டு சாயும் சத்தம். நாலாவது இயந்திரம்.

அப்பாடா, கரண்ட் வந்துவிட்டது என்று நிமிர்ந்தார். பல்பு எரியவில்லை. விசிறி ஓடவில்லை.

கடக்...

ஐந்தாவது.

எழுந்துபோய் ஐந்தாவதைத் திறந்தார். ஒரு முட்டையை எடுத்து, மூடிய இமையின் மேல் ஒற்றிப் பார்த்தார். பண்ணைக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். சூடு இமைக்குத் தெரிவதுபோல விரலுக்குத் தெரியாது.

முட்டை கதகதவென்று இருந்தது. முதல் மூன்றும் ஆறிக்கொண்டிருக்க, இது மட்டும் எப்படி?

பின்னாலிருந்து ஒரு குரல். லேசான இருமலோடு.

"கதவ சாத்துங்க. சூடு போயிடும்."

அண்ணன் வந்துவிட்டார் என்று நினைத்து, அண்ணி போய்க் கதவைச் சாத்தினார். "டீசல் கெடச்சுதா?" என்று கேட்டார்.



பெஞ்சுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடம். அண்ணன் ஒரு நாளும் அவரை "சாத்துங்க" என்றதில்லை. "சாத்து" என்பார்.

திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

வெளியே போய்விடலாம் என்று நினைத்தார். நினைப்புதான் ஓடியது, கால் வரவில்லை. தலை கனத்தது. அறை வெதுவெதுவென்று இருந்தது. அவ்வளவு சுகமாக அவர் அந்தக் குளிர்காலத்தில் இருந்ததே இல்லையாம். ஒரு நிமிஷம் கண்ணை மூடினால் என்ன...

பெஞ்சில் சாய்ந்தார்.

கடக்...

ஆறாவது.

அப்புறம் காலடி. சரக்... சரக்... மெதுவாக. பெஞ்சுப் பக்கம்.

நின்றது.

கன்னத்தில் ஏதோ ஒற்றியது.

ஜில்லென்று. மெத்தென்று.

ஓரத்தில் மெல்லிய மயிர்கள்... துடித்தன.

கண் இமை.

காதோரம் அதே குரல்.

"இது இன்னும் ஆறல."

எப்படி எழுந்தார் என்று அண்ணிக்குத் தெரியாது. கதவை இழுத்தார். வரவில்லை. அடியில் ஏதோ தடுத்தது. குனிந்து பிடுங்கினார். இறுக்கிச் சுருட்டிய கோணிப்பை. இழுத்து எறிந்துவிட்டு வாசலில் போய் விழுந்தார்.

ஏழு மணிக்கு வெறும் கேன்களோடு வந்த அண்ணன், பனியில் கிடந்தவரை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"கரிப்புகை தலைக்கு ஏறினா இல்லாததெல்லாம் தெரியும். நல்ல வேளை, தப்பிச்சீங்க" என்றார் டாக்டர். அண்ணியும் தலையாட்டினார்.

ஆனால் மறுநாள் அண்ணன் அறைக்குள் போய்ப் பார்த்தார். கோணி மட்டுமில்லை. ஜன்னல் இடுக்கு, சுவர் விரிசல், எல்லாவற்றிலும் துணிக்கிழிசல் திணித்திருந்தது. உள்பக்கமிருந்து. ஒரு ஆள் மெனக்கெட்டுச் செய்கிற வேலை. அண்ணி சத்தியம் செய்தார், தான் இல்லை என்று.

ஒரு வாரம் கழித்து ஜெனரேட்டர் மெக்கானிக் வந்தான். அந்தப் பக்கத்தில் பழைய ஆள். நடந்ததை அண்ணி சொன்னதும் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"உங்களுக்கு முன்னாடி இருந்தவரும் இங்கதான்க்கா போனாரு. நாலு வருஷம் இருக்கும். அப்பவும் இதே மாதிரி கரண்ட் தட்டுப்பாடு. கதவ ஒடச்சதே நாந்தான்."

"கரி அடுப்பா?" அண்ணி கேட்டார்.

"ஆமாக்கா. அது எப்பவோ அணைஞ்சு கெடந்துச்சு. பக்கெட்ல தண்ணி கல்லா உறைஞ்சிருந்துச்சு. அவரு பெஞ்சுல படுத்திருந்தாரு. கன்னத்த தொட்டா, நல்ல சூடு. உயிர் இருக்குன்னு தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன்."

"அப்புறம்?"

அவன் ஸ்பேனரை மறுபடி கையில் எடுத்தான்.

"டாக்டர் பாத்துட்டு என்னைத்தான் திட்டுனாரு. செத்து மூணு நாளாச்சுன்னாரு."