அப்பா ஊட்டினால் அதிசயமா?

போன ஞாயிறு அழகர்கோவிலில் ஒரு காதுகுத்து. கிடா விருந்து. என் கணவர் எங்கள் மகள் நிலாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். பதிமூன்று வயது, அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளை. கறியில் எலும்பு கிடந்தால் நாம்தான் பார்த்து எடுக்க வேண்டும்.

அவ்வளவுதான்... பந்தியே உருகிவிட்டது!

"இப்படி ஒரு புருஷன் கெடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும் ஆத்தா" என்றார் கணவரின் அத்தை.

தினம் மூன்று வேளையும் ஊட்டுகிறவள் பக்கத்து இலையில்தானே இருக்கிறேன்? அம்மா ஊட்டினால் கடமை. அப்பா ஊட்டினால் தியாகம்! தியாகியும் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

கை கழுவுகிற இடத்தில் அவருடைய தாய்மாமா வந்து தோளில் கை போட்டார். ரகசியம் பேசுவதாக நினைப்பு — எனக்கு நன்றாகவே கேட்டது.

"மாப்ள, ஒனக்கு என்ன வயசாகிப்போச்சு? பேரையூர்ப் பக்கம் ஒரு பொண்ணு இருக்கு. கட்டி, ஒரு ஆம்பளப் புள்ளயப் பெத்துக்க. இவுக ரெண்டு பேரும் ஒரு பக்கம் இருந்துட்டுப் போகட்டும்."

நாங்கள் என்ன, பரணில் ஏற்றிப் போடுகிற பழைய பாத்திரமா?

என் கணவர் சொன்ன பதில்: "பாப்போம் மாமா."

காரில் ஏறியதும் கேட்டேன். "எதப் பாக்கப் போறீங்க?"

"பெரியவரு... விசேஷத்துல எதுக்கு வம்பு? சும்மா பேச்சுக்குச் சொன்னேன்."

"மாமா மனசு நோகக் கூடாது. என் மனசு?"

பின் சீட்டில் நிலா தூங்கிக்கொண்டிருந்தாள். விழித்திருந்தாலும் அவளுக்கு ஒன்றும் புரியாது என்பார்கள் சொந்தக்காரர்கள். நான் அழுதால் ஓடி வந்து கண்ணைத் துடைக்கிற பிள்ளைக்கு எது புரியாது?



புதன்கிழமை காலை மாமாவே போன் செய்தார். கணவர் நிலாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்ள, பொண்ணு போட்டோவ அனுப்பவா?"

நான் அடுப்பை அணைத்தேன்.

"மாமா, அன்னைக்கே சொல்லியிருக்கணும். என் பொண்டாட்டியும் மகளும் எனக்குப் பாரம்னு ஒங்ககிட்ட யாரு சொன்னா? இன்னொரு தடவ இந்தப் பேச்ச எடுத்தா, ஒங்க வீட்டு வாசல்ல கால் வைக்க மாட்டேன்."

லைன் கட்.

இப்போது சொந்தத்தில் என்ன பேச்சு தெரியுமா? நான் மருந்து வைத்து அவரை மயக்கிவிட்டேனாம்! ஊட்டியபோது தியாகி. வாயைத் திறந்ததும் பொண்டாட்டிதாசன்!

அன்று போனை வைத்த கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பாராட்டை எதிர்பார்த்திருப்பார், பாவம்.

"பின்னல் கோணலா இருக்கு. அவுத்துட்டு மறுபடி போடுங்க" என்றேன்.