மூன்றாவது சர்வீஸ்

பூசைக்கு இரண்டாம் மணி அடித்ததும் வின்சென்ட் பந்தை எடுத்துக்கொண்டு புங்கமரத்தடிக்கு வருவார். கோயில் வரைக்கும் வந்துவிட்டு உள்ளே மட்டும் போகாத ஆண்பிள்ளைகளுக்கென்றே உண்டான இடம் அது. குடும்பத்துக்குச் சேர்த்து மனைவி கும்பிட்டுக்கொண்டு வரட்டும் என்று பைக்கில் சாய்ந்து நிற்பார்கள். வின்சென்ட் யாரையும் கூப்பிடமாட்டார். பந்தைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய், கடைசி பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு முழங்காலில் நிற்பார். பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் வாலிபால். "நன்மை வாங்குன கைக்குத்தானுங்க பந்து" என்பது அவர் போட்ட சட்டம்; பூசையில் நற்கருணை வாங்காதவனுக்கு ஆட்டம் கிடையாது.

வெண்ணந்தூர்ப் பக்கம் தறி மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். ஐம்பத்திரண்டு வயது. விரல்நுனியில் வார்னிஷ் கறை எந்தச் சோப்புக்கும் மசிவதில்லை. எந்த மோட்டாரையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். கேட்டால், "உள்ளங்கையில தொட்டா கரண்டு புடிச்சு இழுத்துக்கும். புறங்கையின்னா உதறியுட்டுரும்" என்பார். தொழில் புத்தி பழக்கமாகி, கடையில் டீ கிளாஸைக்கூட அப்படித்தான் தொட்டுப் பார்க்கிறார்.

எட்டு வருடம் பந்தைத் தட்டித் தட்டி ஐந்து பேரை உள்ளே கொண்டுவந்தார். போர்வெல் ரிக் லாரி ஓட்டும் ஆரோக்கியசாமி, தறி ஓட்டும் லூர்துராஜ், முட்டை லாரி டிரைவர் ஜெனிஷ் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் தீர்த்தகிரி பூசைக்கு வருகிறவரல்ல. ஆனாலும் விசில் அவரிடம்தான். சர்வீஸ் போடுகிறவன் பேரை அவர் உரக்கச் சொல்லித்தான் ஊதுவார். அந்தச் சத்தம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும்.

போன வருடம் பங்குக் கோயில்களுக்கிடையே போட்டி வந்தது. அணிக்காகப் பூசையில் வேண்டிக்கொள்ளட்டும் என்று ஆசைப்பட்ட வின்சென்ட், தன்னோடு சேர்த்து ஆறு பேரையும் சர்வீஸ் வரிசைப்படி ஒரு சீட்டில் எழுதிக் கோயில் பெட்டியில் போட்டார். முதலில் ஆரோக்கியசாமி, அடுத்து லூர்துராஜ், மூன்றாவது ஜெனிஷ். தன் பேரைக் கடைசியில் எழுதினார். நவம்பர் பிறந்துவிட்டதென்பது மனிதருக்கு ஞாபகமில்லை. நவம்பரில் அந்தப் பெட்டியில் விழுகிற பேரெல்லாம் இறந்தவர்களுடையவை.

கல்லறைத் திருநாளன்று சாயங்காலம், மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும்போது, உபதேசியார் தலை நிமிராமல் சீட்டுகளை வாசித்துக்கொண்டே போனார். ஆறு பேரையும் வாசித்தார். "முடிவில்லாத ஒளி இவர்கள்மேல் ஒளிர்வதாக" என்று சனம் பழக்கத்தில் பதில் சொன்னது. அந்த ஆறு பேரும் சேர்ந்துதான் சொன்னார்கள். பிறகு புரிந்து, விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆரோக்கியசாமிதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். "நமக்கு மந்திரிச்சு முடிஞ்சுதப்பா, இனிச் செத்தாலும் செலவில்ல!"

கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, சத்தீஸ்கரில் போர்வெல் போடப் போன இடத்தில், லாரிக்குள் படுத்த ஆரோக்கியசாமி எழுந்திருக்கவில்லை. ஜனவரிக் கடைசியில் லூர்துராஜ் ஓடுகிற தறிக்கு முன்னால் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

அதன் பிறகு புங்கமரத்தடியில் ஒரு ஆளில்லை. வெறும் நிழல் கிடக்கிறது. ஆண்கள் முதல் மணிக்கே உள்ளே போய் முன்வரிசையில் உட்காருகிறார்கள். "என் பிரசங்கத்தால ஆகாதது உங்க பந்தால ஆச்சு" என்று பங்குச்சாமியார் வின்சென்டின் தோளைத் தட்டினார். "பயந்துக்கிட்டு வாரது பக்திங்களா ஃபாதர்?" என்று வின்சென்ட் கேட்டார். உயிரோடிருப்பவர்களுக்கென்று அந்தப் பேர்களை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லியும் கெஞ்சினார். மூடநம்பிக்கைக்குப் பீடத்தில் இடமில்லை என்று சாமியார் சிரித்துவிட்டார்.

ஆட்டம் நிற்கவில்லை. இரண்டு புது ஆட்கள் முதல் இரண்டு இடத்தில் நிற்கிறார்கள். ஆனால் மைதானத்தில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "எடு" என்றுகூடச் சொல்வதில்லை. ஒரே பந்துக்கு இரண்டு பேர் ஓடி, வாய் திறக்காமல் முட்டிக்கொண்டு, திறக்காமலே விலகுகிறார்கள். தீர்த்தகிரியும் பேர் சொல்வதை விட்டுவிட்டு வெறுமனே ஊதுகிறார். உள்ளங்கையில் பந்து அறைகிற சத்தமும் விசிலும்தான் கேட்கின்றன. மூன்றாவது சர்வீஸ் வரும்போது அதுவும் நின்றுவிடுகிறது. ஜெனிஷ் போடுகிற பந்து ஒவ்வொரு தடவையும் வலையில் விழுகிறது. பயத்தில் அவன் லாரியைத் தொட்டே ஒரு மாதமாகிறது.

தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை ஜெனிஷின் மனைவி ஜோஸ்லின் வின்சென்டின் கடைக்கு வந்தாள். ஏழு மாத வயிறு. நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"மாமா, எங்கூட்டுக்காரரு பேர அந்தச் சீட்டுல இருந்து எடுத்துப்போடுங்க."

"வாசிச்சுப் போட்டாங்களே சாமி. அத எப்படி எடுக்கறது?"

"எழுதுனது நீங்கதானுங்களே."

அவள் போன பிறகு வின்சென்ட், அவிழ்த்துப் போட்ட மோட்டாரை அப்படியே விட்டுவிட்டு, சாயங்காலம் வரைக்கும் உபதேசியாரிடமிருந்து திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்த அந்தச் சீட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். தன் கையெழுத்தைப் பார்க்க அவருக்கே பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்தது. முதல் சர்வீஸ் போனது, இரண்டாவதும் போனது. ஜெனிஷ் கோட்டுக்குப் போய்ப் பந்தை எடுக்கக் குனிந்தான். வின்சென்ட் தன் இடத்திலிருந்து நடந்து வந்து அவன் தோளைப் பிடித்தார்.

"நீ போயி கடைசியில நில்லு. என்ற எடத்துல."

"மாமா, இது என்ற முறைங்க."

"நாந்தான எழுதுனன். மாத்தியாச்சு, போ."

ஜெனிஷ் போனான். சுவரோரம் நின்ற ஜோஸ்லின் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். தீர்த்தகிரி விசிலை உதட்டில் வைத்தார்.

"சும்மா ஊதாதீங்க. பேரச் சொல்லி ஊதுங்க."

"வேண்டாமுங்க வின்சென்டு."

"சொல்லுங்க."

பல வாரங்களுக்குப் பிறகு அந்த மைதானத்தில் ஒரு பேர் கேட்டது. "வின்சென்ட்!"

மண்ணில் கிடந்த பந்தை அவர் குனிந்து, முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் எடுத்துக்கொண்டார்.