குமரனுக்காக ஜெபித்தவர்கள்

ஒரு தேவாலயம் நிறைந்த மனிதர்களை ஜெப நேரத்தில் ஏமாற்றியவன் நான். அவர்கள் என்னை இன்னும் நல்லவன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மலேசியாவின் ஈப்போவிலிருந்து, மல்லாபூர் ஆலையொன்றில் இயந்திரம் பொருத்த ஹைதராபாத்துக்கு வந்திருந்தேன். கடவுள் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. உடன் வேலை செய்த ஜெபராஜ், மாரெட்பள்ளியிலிருந்த தன் தமிழ்ச் சபைக்கு ஞாயிறன்று அழைத்தான். போனேன்... ஊர் திரும்பி நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைக்குமே என்றுதான்.

பாட்டுகள் முடிந்ததும் புதியவனான என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். ஜெபராஜின் அம்மா ரோஸம்மா, இத்தனை காலம் இங்கே வாழ்ந்தும் திருநெல்வேலிப் பேச்சு மாறாதவர், பக்கத்து வரிசையிலிருந்து கேட்டார்.

"வீட்டுல யாருக்காவது ஜெபிக்கணுமா தம்பி? கூச்சப்படாம சொல்லுங்க."

"அண்ணனுக்கு உடம்பு முடியல. ஆஸ்பத்திரியில இருக்காரு."

வாய் கூசாமல் சொன்னேன். என்னதான் செய்வார்கள், பார்ப்போமே என்ற குறும்பு.

"அவுக பேரு?"

பெயரை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "குமரன்" என்று வந்துவிட்டது. அது என் சொந்த அண்ணனின் பெயர். அப்பாவின் சாவு வீட்டில் சண்டையிட்டுப் பிரிந்த பிறகு நான் உச்சரிக்காத பெயர்.

சபை முழுவதும் எழுந்தது. ரோஸம்மாவின் கன்னங்களில் நீர் வழிந்தது. முன்பின் அறியாதவர்கள் என் அண்ணனுக்காக, தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மன்றாடுவதைப் போலப் பெயர் சொல்லி மன்றாடினார்கள். நான் மட்டும் கண் திறந்து நின்றேன். இவர்களுக்கு அவன் யார்? எனக்கு அவன் யார்?

அன்று மாலையே அவனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"நான்தாண்ணே..."

வண்டி இரைச்சல் கேட்டது. பிறகு, "லோரி ஓட்டிக்கிட்டு இருக்கேன்டா. வச்சிடாத. ஓரமா நிறுத்திட்டுப் பேசுறேன்" என்றான். குரல் உடைந்திருந்தது. ஆனால் அவன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, கல்லைப்போலத்தான் இருந்தான்.

அடுத்த ஞாயிறும் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன், நம்புங்கள். ஆனால் உள்ளே நுழைந்ததுமே ரோஸம்மா விசாரித்தார்.

"நல்லா இருக்காரும்மா. பேசினேன்" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை! சபை கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது மௌலா அலி பகுதியிலிருந்து சபைக்கு வரும் எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கணவனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன என்று ஜெபராஜ் சொல்லியிருந்தான்.

"உங்க அண்ணனக் காப்பாத்தினவர் எங்க வீட்டுக்காரரக் கைவிட மாட்டார்ல, அண்ணா?"

"விடமாட்டார்" என்றேன். எதையும் நம்பாத நான், என் வாயாலேயே சொன்னேன்.

வேலை முடிந்து ஊர் திரும்பிவிட்டேன்; இப்போது என் ஞாயிற்றுக்கிழமைகள் அண்ணன் வீட்டில் கழிகின்றன. எனக்குக் கடவுள் நம்பிக்கை வந்துவிடவில்லை. ஆனால் அந்த மனிதர்களை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்துபோகிறது. பொய்யை விதைத்தவனுக்கு ஒரு அண்ணனையே திருப்பிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

ஜெபராஜ் அடிக்கடி பேசுகிறான். "அம்மா உங்க அண்ணன இன்னும் விசாரிக்கிறாங்க, ஜெபத்துல நெனைக்கிறாங்க" என்கிறான். நன்றி சொல்லச் சொல்கிறேன். எஸ்தரின் கணவன் எப்படி இருக்கிறான் என்று மட்டும் நான் கேட்டதில்லை. ஜெபராஜ் தானாகச் சொல்லிவிடுவானோ என்று, ஒவ்வொரு முறையும் அவசரமாகப் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.